உள்ளூர்க்காரன் ஓட மாட்டானா?

கேள்வி: ஐயா, ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். பதினான்கு வருஷ சர்வீஸ். சொந்த ஊர் ஏர்வாடிக்குக் கிழக்கே ஒரு கரைக் கிராமம். அண்ணன் மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறார், அம்மா போன வருஷம் வரை பாசி எடுக்கப் போனவர், இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறார். எங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் நிர்வாக அலுவலர், "யார் நிப்பாங்க, யார் ஓடுவாங்கன்னு ஒரு ஸ்டேட்மென்ட் போடுங்க" என்கிறார். பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, திருமணம், படிப்பு, சொந்த ஊர், அப்பா தொழில் என்று கட்டம் கட்டமாகப் படிவம் கொடுத்திருக்கிறார். அதை வைத்துத்தான் இனி தொகுப்பூதியத்துக்கு ஆள் எடுப்பாராம். அவர் கணக்கு இது: உள்ளூர் ஆள் ஓட மாட்டான், ஆனால் கடற்கரை ஆள் ஒழுங்காக வர மாட்டான், கல்யாணம் ஆகாத பெண் இரண்டு வருஷத்தில் போய்விடுவாள், அதிகம் படித்தவன் நிற்க மாட்டான். இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா? நான் என்ன எழுதிக் கொடுப்பது? இன்னொன்றும் கேட்க வேண்டும். தலைமை வளாகத்துக்குப் பதவி உயர்வில் போகும் வாய்ப்பு இரண்டு முறை வந்தும் நான் போகவில்லை. "இவங்களுக்கு யுனிவர்சிட்டி மேல எவ்வளவு பற்று பாருங்க" என்று மீட்டிங்கில் சொன்னார். எனக்கே அது பற்றா, போக முடியாத நிலைமையா என்று தெரியவில்லை. (ஊர், பெயர் வேண்டாம்.)

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை அந்த அதிகாரி மேல் கோபம் வந்தது. இரண்டாவது தடவை, அவர் போட்ட அதே கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான் என்பது நினைவுக்கு வந்து கோபம் அடங்கிவிட்டது. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் உட்கார்ந்து பணிப்பதிவேடுகளைப் புரட்டியே தலை நரைத்தவன் நான். பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி, சொந்த ஊர், அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளையே அந்தப் பக்கத்தில் படித்துவிடலாம் என்று ஒரு மயக்கம் வரும்.

எனக்கு அந்த மயக்கம் தெளிந்தது உங்கள் மாவட்டத்தில்தான். நான் டெல்டாக்காரன், வாய்க்காலில் குளித்து வளர்ந்தவன். ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் அழுதார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். அரசு உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல, மேலதிகாரிகள் மிரட்டுவதற்கென்றே வைத்திருக்கிற வசனம். உங்கள் அலுவலரின் படிவத்தில் என்னைப் போட்டிருந்தால் வெளியூர், இளவயது, முதுகலை, குழந்தை இல்லை, ஆறு மாதத்தில் ஓடுகிற கேஸ் என்று சிவப்பு மையில் சுழித்திருப்பார். நான் ஒன்பது வருஷம் இருந்தேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பையன், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, ஒரு வருஷத்துக்குள் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

நான் ஏன் இருந்தேன்? ஊர் அழகு, கடல் காற்று என்றெல்லாம் கதை விட விரும்பவில்லை. சேர்ந்த இரண்டாம் நாள் என் செக்‌ஷன் தலைவர் ஒரு தள்ளுவண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கே வந்தார். "இவர்தான் இந்தத் தெருவுக்கு நல்ல தண்ணி கொண்டு வர்றவர். ஒரு நாளைக்கு மூணு குடம் சொல்லியிருக்கேன். குழாய்த் தண்ணியில சாப்பாடு வடிச்சீங்கன்னா உப்புக் கரிக்கும், உங்க வீட்டுல ரெண்டே நாள்ல பெட்டியைக் கட்டிருவாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று குடம் என்னை ஒன்பது வருஷம் இருத்தியது என்று சொன்னால் மிகைதான், ஆனால் முக்கால்வாசி நிஜம். அப்புறம் அவர் ஓய்வு பெற்றார், வேறொருவர் வந்தார். நான் மாற்றலுக்கு எழுதிப் போட்டது அவர் வந்த நான்காவது மாதம்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆதாரம் உண்டா?

இதை உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இருவர் 1991இல் ஒரு பகுப்பை முன்வைத்தார்கள், இன்றைக்கும் பல்கலைக்கழகப் பணியாளர்கள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். ஒருவர் ஒரு நிறுவனத்தில் தொடர்ந்து இருப்பதற்கு மூன்று விதமான கட்டு உண்டு என்றார்கள். பிடித்திருப்பதால் இருப்பது ஒன்று. போனால் நஷ்டம் என்பதால் இருப்பது இன்னொன்று. இருப்பதுதான் முறை, போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோம் என்று மனசு உறுத்துவதால் இருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் நம்முடையது, வாலிநோக்கத்தில் உப்பளமும் வைத்திருக்கிறோம்.

மூன்றுமே ஒரே ஆளுக்குள் வேறு வேறு அளவில் இருக்கலாம். ஆனால் வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்: ஆள் காலையில் வருகிறார், பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறார், மாலையில் போகிறார். அங்கேதான் உங்கள் அலுவலர் தடுமாறுகிறார்.

உங்கள் அண்ணனைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்கள் சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், அட்வான்ஸ் வாங்குவது உண்டு. வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த போட்டில் கால் வைக்க முடியாது. ஒருவர் ஏழு வருஷமாக ஒரே போட்டில் போகிறார் என்றால், அவருக்குச் சம்மாட்டி மேல் பாசமா, அட்வான்ஸ் அடையவில்லையா என்று கரையில் நிற்கும் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். யாரும் குழம்புவதில்லை. அதே கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஏசி அறைக்குள் உட்கார்ந்ததும் இந்தத் தெளிவு எங்கே போய்விடுகிறதோ. சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1960இல் இதைத்தான் எழுதினார்: ஒரு வேலையில் இருக்க இருக்க அதைச் சுற்றி நாம் வேறு பல விஷயங்களைப் பணயமாக வைத்துக்கொண்டே போகிறோம், பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், சீனியாரிட்டி, ஓய்வூதியம், கடைசியில் வேலையை விட்டால் அத்தனையும் ஆட்டம் காணும் என்பதாலேயே விட மாட்டோம்.

இப்போது வயது, பால், படிப்பு போன்ற சொந்த விவரங்கள். 2002இல் மேயரும் இன்னும் மூவரும் அதுவரை வந்திருந்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வயதுக்கும் மனப்பற்றுக்கும், அதாவது பிடித்திருப்பதால் இருக்கும் அந்த முதல் கட்டுக்கும், உள்ள தொடர்பு சுமார் 0.15. எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதற்கும் ஏறக்குறைய அதேதான். ஆணா பெண்ணா என்பதும் படிப்பும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றன. நிறுவனம் தன்னைத் தாங்கிப் பிடிக்கிறது, தன் நலனை நினைக்கிறது என்று பணியாளர் உணர்வதற்கும் பற்றுக்கும் உள்ள தொடர்போ 0.63. இந்த எண்ணில் பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் ஒன்றைப் பார்த்து மற்றதை அப்படியே சொல்லிவிடலாம். இன்னும் பச்சையாகச் சொன்னால், ஆளுக்கு ஆள் பற்று ஏன் வேறுபடுகிறது என்பதில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் வயது விளக்குகிறது, "என்னைக் கவனிக்கிறார்கள்" என்ற உணர்வு நாற்பது பங்கை விளக்குகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் குடும்பக் கடமைக்கு எடை கூடுதலாக இருக்கலாம். அப்படியே கூடினாலும் அது மூன்றாவது கட்டில் கூடும், இரண்டாவதில் கூடும். சொந்த ஊர் என்ன என்று கேட்டு முதலாவதைக் கண்டுபிடித்துவிட முடியாது.

அந்த 0.15ஐயும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். பிடிக்காதவர்கள் முதல் ஐந்து வருஷத்திலேயே போய்விட்டால், இருபதாவது வருஷம் கேள்வித்தாள் கொடுக்கும்போது மிச்சம் இருப்பவர்கள் பிடித்தவர்களும் போக முடியாதவர்களும்தானே? வயதானால் பற்று வருகிறது என்று அதைப் படிப்பது, சல்லடையில் தங்கியதைப் பார்த்து மாவெல்லாம் கப்பி என்று சொல்கிற மாதிரி.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு, ஆய்வு செய்கிற பிள்ளைகள் பலர் இதைக் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். 1.4.2003க்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், அதற்குப் பின் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது. அரசுப் பல்கலைக்கழகத்தில் 55 வயதுக்காரரையும் 35 வயதுக்காரரையும் ஒப்பிட்டு, மூத்தவருக்கு விசுவாசம் அதிகம் என்று எழுதினால், நீங்கள் அளந்தது வயதையா, சேர்ந்த தேதியையா? பழைய பென்ஷன் என்பது ஒருவகையில் பெரிய அட்வான்ஸ்தான். பாதியில் விட்டுப் போனால் போச்சு. பங்களிப்புத் திட்டக்காரர், அதிலும் தொகுப்பூதியக்காரர், எதை விட்டுவிட்டுப் போவதற்கு அஞ்ச வேண்டும்?

"உள்ளூர்க்காரன் ஓட மாட்டான்" என்கிறாரே, அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இந்தக் கடற்கரையின் சரித்திரமே போவதும் வருவதும்தான். சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய் கொழும்புக்கு ரயில் பிடித்த காலம் 1964 புயலோடு முடிந்தது, ஆனால் போகிற பழக்கம் முடியவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் கொழும்பு, மலேசியா, வளைகுடா என்று ஒரு ஆளாவது இருப்பார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் படிக்கப் போன அப்துல் கலாம் அதோடு நின்றாரா? கடலோரத்தில் பிறந்தவனை அசையாதவன் என்று நினைப்பது கடலைப் பார்க்காதவர் போடும் கணக்கு.

அப்புறம் "கடற்கரை ஆள் ஒழுங்காக வர மாட்டான்." இதற்குப் பதில் சொல்வதே மரியாதைக் குறைவு என்று தோன்றுகிறது, இருந்தாலும் உங்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் பல வீடுகளில் வருகிற ஒரே மாதச் சம்பளம் உங்களைப் போன்ற ஒரு மகளுடையது, தங்கையுடையது. அந்த வீட்டுப் பெண் லீவு போடுவாளா, ஒரு நாள் சம்பளத்தை இழப்பாளா? உங்கள் வளாகத்தின் வருகைப்பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், என் வார்த்தையை நம்ப வேண்டாம்.

படித்தவன் நிற்க மாட்டான் என்பதில் மட்டும் கொஞ்சம் சாரம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற சாரம் இல்லை. ஆல்வின் கோல்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சிறு கல்லூரி ஆசிரியர்களை ஆராய்ந்து 1957-58இல் எழுதினார். சிலருக்குக் கல்லூரிதான் உலகம், அங்கே யார் முதல்வர், எந்தக் கமிட்டியில் யார் என்பதில் கண். சிலருக்குத் தங்கள் துறைதான் உலகம், கல்லூரி என்பது அந்தத் துறையைச் செய்ய ஓர் இடம், அவ்வளவே. முதல் வகையை அவர் "உள்ளூரார்" என்றார், பிறந்த ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் வளாகத்தில் பவளப்பாறை பற்றி ஆராய்கிற ஒரு பேராசிரியர் இருந்தால் அவருடைய பற்று மன்னார் வளைகுடா மேல்தான் இருக்கும். வளாகம் அவருக்குப் படகும் டீசலும் முறையாகக் கொடுக்கும் வரை இருப்பார். "நிறுவனப் பற்று இல்லை" என்று அவருக்கு மதிப்பெண் குறைத்தால் நஷ்டம் யாருக்கு?

இது பேராசிரியர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கரையில் நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார். தொகுப்பூதியம், ஒன்பது வருஷமாக. கடல்மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு ஐப்பசி மாதம் ராத்திரி கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. காற்றுக் குமிழி விடும் மோட்டார் நின்றால் தொட்டிக்குள் மீன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். யாரும் அவருக்குப் போன் செய்யவில்லை. தன் தெருவில் விளக்கு அணைந்ததைப் பார்த்து அவராகவே சைக்கிளை மிதித்து வந்துவிட்டார். வாட்ச்மேன் டார்ச் அடிக்க, ஒரு பிளாஸ்டிக் குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, மறுபடி அதே தொட்டியில் மெல்லிசாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்படி ஊற்றினால் தண்ணீரோடு காற்று கலக்கும். ஒரு தொட்டி முடிந்ததும் அடுத்தது, அடுத்தது முடிந்ததும் மறுபடி முதல். நான் காலையில் போனபோது வலது கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மீன்கள் உயிரோடு இருந்தன.

"உள்ளூர் ஆள், அதான் இந்த விசுவாசம்" என்று அன்றைக்கு எங்கள் அதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். பாராட்டு வாயோடு சரி, நிரந்தரம் கேட்டு அவர் கொடுத்த மனு மூன்றாவது முறையும் "பரிசீலனையில்" என்று போனது. அடுத்த ஆண்டு ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்து வாங்க என்னிடம் வந்தபோது கேட்டேன், எப்படி விட்டுப் போக மனசு வந்தது என்று. "எனக்குத் தொட்டி மேலதான் சார் பாசம், ஆபீஸ் மேல எப்ப இருந்துச்சு?" என்றார், கோபமே இல்லாமல். அவருடைய சொந்த ஊரும் வயதும் அப்பா தொழிலும் அந்தப் பத்து வருஷமும் ஒரே மாதிரிதான் இருந்தன. மாறியது எது என்பது அந்த மனுக் கோப்பில் இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் உட்பட.

கல்யாணம் ஆகாத பெண் விஷயம். பெண்கள் போவது உண்மை. ஏன் போகிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஐந்தரைக்கு அலுவலகம் விட்டால் விலக்கு ரோட்டில் பஸ் எத்தனை மணிக்கு? கைக்குழந்தையை யாரிடம் விடுவது? 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சேர்த்தார்கள். உங்கள் வளாகத்தில் அப்படி ஓர் அறை உண்டா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணத்தைக் கட்டம் போட்டுக் கேட்பவர் காப்பகத்துக்கும் ஒரு கட்டம் போடட்டும்.

இனி நீங்கள் என்ன எழுதிக் கொடுப்பது என்பது.

முதலில் சட்டம். அரசுச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் என்றால், அரசியலமைப்பின் 16(2) உங்கள் பக்கம் நிற்கிறது. அரசுப் பணியில் மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் இவற்றை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. இடஒதுக்கீடு வேறு, அதற்கு அதே பிரிவிலேயே வழி இருக்கிறது, இனசுழற்சி முறை என்று நாம் தினமும் போடுவதுதான். ஓர் அதிகாரி தன் மனக்கணக்குக்காக "சொந்த ஊர்" பார்த்து வடிகட்டுவதற்கு அதில் இடமில்லை. "அப்பா தொழில்" என்ற கட்டம் இந்த மாவட்டத்தில் உண்மையில் எதைக் கேட்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்தது, உங்கள் வளாகத்தின் அளவு. நாற்பது ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் வயது, பால், படிப்பு, ஊர் என்று பிரித்தால் ஒரு கட்டத்தில் இரண்டு பேர், மூன்று பேர்தான் விழுவார்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. "பெயர் போட வேண்டாம்" என்று சொல்லி வாங்கினாலும், முப்பத்தெட்டு வயது, பெண், பி.காம்., கரைக் கிராமம் என்றால் அது யார் என்று கேன்டீன்காரர் சொல்லிவிடுவார். உண்மையை யார் எழுதுவார்கள்?

அதனால் அவர் கேட்டதை மறுத்து மட்டும் எழுதாதீர்கள். புது அதிகாரி, மறுப்பை முதுகில் குத்தியதாக எடுத்துக்கொள்வார். ஆள் நிற்க வேண்டும் என்று அவர் கவலைப்படுவது நியாயம்தானே. மாற்றாக ஒன்றை அவர் மேசையில் வையுங்கள். கடந்த சில ஆண்டுகளில் விலகியவர்களின் கோப்புகள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாருங்கள்: சேர்ந்தபோது என்ன சொல்லிச் சேர்த்தார்கள், நிரந்தரமா தொகுப்பூதியமா, கொடுத்த மனுக்கள் எத்தனை, பதில் வர எத்தனை நாள், கடைசியாகச் சம்பளம் கூடியது எப்போது, நேரடி மேலாளர் யார், அவர் மாறி எத்தனை மாதத்தில் இவர் விலகினார். இந்த மேலாளர் விவரத்தை நுணுக்கமாகப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் விலகல் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே செக்‌ஷனிலிருந்து வந்திருந்தன, அந்த செக்‌ஷனில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

குறிப்பு இப்படி இருக்கலாம், உங்கள் அலுவலக நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"பார்வையில் காணும் அறிவுரையின்படி பணியாளர் விலகல் தொடர்பான விவரங்கள் தொகுக்கப்பட்டு வருகின்றன. பிறந்த ஊர், தந்தையின் தொழில், திருமண நிலை ஆகியவற்றைப் பணியமர்த்தலுக்கு அடிப்படையாகக் கொள்வது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும் என்பதால் அவ்விவரங்கள் சேர்க்கப்படவில்லை. மாற்றாக, விலகிய பணியாளர்களின் நியமன நிலை, நிலுவையில் இருந்த கோரிக்கைகள், அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை ஆகிய விவரங்கள் இத்துடன் இணைத்துப் பணிந்தனுப்பப்படுகின்றன."

"பணிந்தனுப்பப்படுகின்றன" என்று போட மறக்காதீர்கள். பாதிச் சண்டை அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். கோப்பில் பக்க எண் போட்டு, ஒரு நகல் உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். இதற்கு ஆய்வு எண் எதுவும் உதவாது.

நீங்கள் எழுதிய கடிதத்தில் ஓர் இடம், சுருக்கத்தில் விட்டுவிட்டேன், ஏனென்றால் அதைப் படித்தால் உங்கள் வளாகத்தில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் கட்டணம் பற்றி, உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதுதான். அது அம்மாவுக்காகச் செய்கிற வேலை இல்லை, சம்பளத்துக்காகவும் இல்லை, நன்றிக்கடனும் இல்லை. எனவே உங்களுக்குப் பற்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. அது எதன் மேல் என்பது வேறு கேள்வி. பல்கலைக்கழகத்தின் மேல் இல்லாமல் அந்த நோட்டில் இருக்கிற பிள்ளைகள் மேல் இருந்தால் அதில் தப்பில்லை, தொட்டி மேல் பாசம் வைத்தவரைப் போல.

பதவி உயர்வுக்குப் போகாதது வேறு. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு முடியவில்லை, அண்ணன் வாரத்தில் பாதி நாள் கடலில், அதனால் போகவில்லை. அது நிலைமை. நிலைமையைப் பற்று என்று மீட்டிங்கில் ஒருவர் பாராட்டும்போது நமக்குக் கொஞ்சம் இனிக்கும், அப்புறம் ராத்திரியில் உறுத்தும், நீங்கள் எனக்கு எழுதியது அந்த உறுத்தலில்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பாராட்டுக்கு ஒரு விலையும் உண்டு: "அவங்க எங்கேயும் போக மாட்டாங்க" என்று ஒருமுறை முடிவாகிவிட்டால் உங்கள் கோரிக்கை எதற்கும் அவசரம் இருக்காது. அதனால் அடுத்த முறை வாய்ப்பு வரும்போது வேண்டாம் என்று வாயால் சொல்லாதீர்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக இம்முறை ஏற்க இயலவில்லை, இவ்வளாகத்திலேயே உயர்பணியிடம் ஏற்படின் பரிசீலிக்கக் கோருகிறேன், எனது பணி முதுநிலை பாதிக்கப்படாமல் இருக்க வேண்டுகிறேன்" என்று எழுத்தில் கொடுங்கள். முதல் இரண்டு முறை என்ன கொடுத்தீர்கள் என்று உங்கள் எஸ்.ஆரில், அதாவது பணிப்பதிவேட்டில், பாருங்கள். நிரந்தரமாக உரிமையைத் துறப்பதாக எழுதி வாங்கியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தப் படிவத்தில் உங்களுக்கும் ஒரு வரி இருக்கும், அப்பா தொழில் கட்டமும் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள். பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பின்னால் யாராவது நிரப்பிவிடுவார்கள்.